தசமியன்று நான் சொன்ன வார்த்தை

கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். படுக்கையில் இருக்கும்போது யாரிடமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள். மாத்திரையைச் சாப்பிடுங்கள், வலித்தால் கத்துங்கள், பார்க்க வருகிறவர்களிடம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். நான் அப்படி இருக்கவில்லை.

என் பெயர் கோமதி. அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகிக் கொல்கத்தாவுக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் சங்கரன் ஜாதவ்பூரில் அப்பளம், காபிப் பொடி, இட்லி அரிசி விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். நான் ஹவுராவில் ஒரு இரும்புப் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். என்ன சாமான் வந்தது, என்ன வெளியே போனது, ரிஜிஸ்டரில் எழுதியது நிஜமா என்று பார்க்கிற வேலை. வராத சாமானுக்கு டிக் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். பட்டறையில் எனக்குப் ‘போலீஸ் தீதி’ என்றே பெயர். தீதி என்றால் அக்கா.

பஞ்சமியன்று மதியம் நியூ டவுனில் ஒன்றுவிட்ட நாத்தனார் வீட்டுக் கொலுவுக்குப் போனேன். மறுநாள் துர்கா பூஜை ஆரம்பம் என்பதால் ஊரே பந்தலும் விளக்குமாக இருந்தது. தேங்காயும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தேன். நடக்கிறவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளைக் கோட்டின் மேல்தான் நடந்தேன். இரண்டு கார்கள் நின்றன. மூன்றாவது நிற்கவில்லை.

இடித்தவன் ஓடிப்போகவில்லை. அவனேதான் என்னைத் தூக்கி அதே காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெயர் சௌமிக். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, இருபத்தாறு வயசு. வழியெல்லாம் அழுதான். "மாஷிமா, கண்ணை மூடாதீங்க. போன்ல மேப் பாத்துட்டு இருந்தேன், சிக்னலைப் பாக்கலை. கண்ணை மூடாதீங்க மாஷிமா." மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. இங்கே என் வயசுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வங்காள மொழியில் பேசியதையெல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து, ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இப்படி வெளியே வந்துவிட்டால் ரோட்டு அழுக்கெல்லாம் எலும்புக்குள் போய்விடுமாம். அதனால் உடனே உள்ளே தகடு வைக்க மாட்டார்கள். கழுவி, எலும்பில் நான்கு கம்பிகளைத் துளைத்து இறக்கி, அவற்றை வெளியே ஒரு இரும்புச் சட்டத்தில் முடுக்கிவிடுவார்கள். மயக்கம் தெளிந்து பார்த்தபோது என் காலில் எங்கள் பட்டறைச் சாமான் மாட்டியிருந்தது.

"கால் நிக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சீழ் பிடிக்காம இருந்தா நிக்கும். பூஜை முடியட்டும், பாக்கலாம்" என்றார் அவர்.

பூஜை முடியட்டும். அந்த வார்த்தையை அந்த வாரம் எத்தனை வாயில் கேட்டேனோ! பெரிய டாக்டர் எப்போது வருவார்? பூஜை முடியட்டும். ஸ்கேன்? பூஜை முடியட்டும். போலீஸ் எஸ்.ஐ. சப்தமியன்று வந்தார். கூட்டத்தைச் சமாளித்த களைப்பில் நின்றபடியே நாலு வரி எழுதிக்கொண்டு, "விவரமா எல்லாம் பூஜை முடிஞ்சு எழுதிக்கலாம் மாஷிமா" என்று போய்விட்டார். வெளியே நாலு பக்கமும் டாக் மேளம் அடிக்கும். அடிக்கிற ஒவ்வொரு அடியும் என் கம்பிகளில் கேட்கும். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. காலை எடுத்துவிடுவார்களோ என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

சைவம் என்று சொன்னதற்குத் தினமும் வேகவைத்த உருளைக்கிழங்கும் பப்பாளிக்காய்க் குழம்பும் வந்தன. என் வீட்டுக்காரர் ஃப்ளாஸ்க்கில் ரசம் கொண்டுவருவார். பந்தல் போட்டு வழியெல்லாம் அடைத்திருந்ததால் இரண்டு பஸ் மாறி, மீதி தூரம் நடந்து வருவார். வந்து சேரும்போது சட்டை நனைந்திருக்கும், ரசம் மட்டும் சூடாக இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் நல்ல காலைப் பிடித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து என் காலை அவர் தொட்டதில்லை. "விடுங்க, யாராவது பாக்கப் போறாங்க" என்பேன். "பாத்தா பாத்துட்டுப் போறான்" என்பார்.

இன்னொரு ஆள் ரூபா. பர்தமான் பக்கத்து நர்ஸ் பெண். மற்றவர்கள் பூஜை லீவில் போயிருந்ததால் இரண்டு ஷிஃப்டும் அவள்தான். நவமியன்று என் தலை நாறுகிறது என்று நான் அழுதபோது, கட்டிலின் தலைமாட்டில் பேசின் வைத்து, ஷாம்பு போட்டு அலசிவிட்டாள். அது அவள் வேலை இல்லை. அதற்கென்று இருக்கிற ஆயா ஊருக்குப் போயிருந்தாள்.

இனி தசமிக்கு வருகிறேன்.

எனக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ட்ரமடால் ஊசி போடுவார்கள். கடுமையான வலிக்கான மருந்து. போட்ட பத்தாவது நிமிஷம் தலை சுற்றி, வாய் குழறி, எதிரே நிற்பது புருஷனா டாக்டரா என்று தெரியாமல் போகும். தசமியன்று மதியம் இரண்டு மணி ஊசி வரவில்லை. வார்டில் ரூபா ஒருத்தி, நாங்கள் பதினெட்டுப் பேர். மூன்று மணிக்கு வலி ஏற ஆரம்பித்தது. நான்கு மணிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்திருந்தேன். ஆனால் புத்தி கண்ணாடி மாதிரி இருந்தது.

நாலுக்குப் பார்வை நேரம். சௌமிக்கும் அவன் அம்மாவும் வந்தார்கள். இவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

வங்காளிகளுக்குத் தசமி என்றால் பிஜயா. அம்மனை ஆற்றில் கரைத்துவிட்டுப் பெரியவர்கள் காலைத் தொடுவார்கள், இனிப்புக் கொடுப்பார்கள், சண்டைக்காரர்கள்கூடக் கட்டிக்கொள்வார்கள். கரைத்த பிறகுதான் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடும் என்பதால் இவர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அந்த அம்மா சந்தேஷ் டப்பாவை என் தலையணை ஓரம் வைத்தாள். "இவன் அப்பா படுத்த படுக்கையா இருக்கார் தீதி. உங்க விஷயம் கேட்டதிலிருந்து சரியாச் சாப்பிடலை. அவருக்கு உங்களைக் காட்டணும்" என்று வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

சௌமிக் குனிந்து என் நல்ல காலைத் தொட்டான். தொட்டவன் நிமிரவில்லை. கட்டில் விளிம்பில் தலையை வைத்து விம்ம ஆரம்பித்தான். "மன்னிச்சிடுங்க மாஷிமா, மன்னிச்சிடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவன் தலையில் கையை வைத்து, "அழாதப்பா. நான்தான் பாக்காம வந்துட்டேன். தப்பு என் மேலதான். நீ நல்லா இருக்கணும்" என்றேன்.

தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருந்தாளி காபி டம்ளரைத் தட்டிவிட்டால், "ஐயோ, நான்தான் ஓரத்துல வெச்சேன்" என்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளை நம் காலை மிதித்தால், "நான்தான் காலை நீட்டிட்டேன்" என்போம். அடுத்தவன் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது, பழியை எடுத்து நம் மடியில் போட்டுக்கொள்வோம். அது நிஜம் என்று சொல்கிறவளும் நினைக்க மாட்டாள், கேட்கிறவனும் நினைக்க மாட்டான். ஆனால் அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னது மட்டும் மனசாரச் சொன்னது.

அவர்கள் போனபிறகு ஐந்து மணிக்கு ரூபா ஊசியோடு ஓடிவந்தாள். "கோவிச்சுக்காதீங்க மாஷிமா, அங்கே ஒருத்தருக்கு மூச்சுத் திணறல்" என்றாள். ஊசி போட்டாள். பிறகு சார்ட்டை எடுத்து இரண்டு மணிக் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தாள். நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். போலீஸ் தீதி ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள்தானே என் தலையை அலசிவிட்டாள்!

தசமி கழிந்து நாலாம் நாள் சீழ் பிடித்தது. சீழில் கொஞ்சம் எடுத்து வளர்த்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று பார்த்தார்கள். அதற்கே மூன்று நாள் ஆனது. மறுபடி கழுவினார்கள், அதற்குப் பிறகும் ஒருமுறை கழுவினார்கள். ஐந்து வாரம் கழித்து, கம்பிகளோடே வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய இரண்டு முனைகளும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து நடுவில் வைத்து மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அதுவும் சீக்கிரம். தள்ளிப் போட்டால் காலுக்கு நான் பொறுப்பில்லை என்று கையைக் கழுவிக்கொண்டார். பட்டறையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கடையை நம்பி இன்னொரு ஆபரேஷன் நடக்காது. ஏற்கெனவே என் வளையல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரி வாசலிலேயே இதற்கென்று ஆட்கள் நிற்பார்கள். கட்டுப்போட்ட ஆளைக் கண்டால் விசிட்டிங் கார்டை நீட்டுவார்கள். "நஷ்டஈடு வாங்கித் தரோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க." இவர் அவர்களை விரட்டிவிட்டார். "எழவு வீட்டுல பந்தி தேடுத பயலுவ" என்றார். அதுவும் சரிதான். ஆனால் உட்கார்ந்திருந்து கால் சரியாகுமா? கடைசியில் எங்கள் கடையில் மாதாமாதம் காபிப் பொடி வாங்குகிற வக்கீல் மித்ராவிடம் போனோம். இரண்டு தெரு தள்ளி, வீட்டு முன்னறைதான் அவர் சேம்பர். என்னை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். தூக்கிய இரண்டு பேரில் ஒருவர் வக்கீலேதான். அந்த ஒரு காரியத்துக்காகவே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மித்ரா முதலில் கேட்டது சிக்னல் கேமராப் பதிவை. எழுதிப் போட்டார். பதில் வந்தது: பதிவுகள் குறிப்பிட்ட நாளுக்குமேல் இருப்பதில்லை, அழிந்துவிட்டன. பூஜை முடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்தபோது அதுவும் அழிந்துபோயிருக்கிறது. நின்ற இரண்டு கார்கள் யாருடையவை என்று தெரியாது. நான் பச்சையில் நடந்தேன் என்பதற்கும், சௌமிக் காரில் ஒத்துக்கொண்டதற்கும் என் வாயைத் தவிர சாட்சி இல்லை.

சில மாதம் கழித்து மித்ரா எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் போனை வைத்துத் தட்டினார். தசமியன்று எடுத்த வீடியோ. அதில் நான் பேசினேன். "நான்தான் பாக்காம வந்துட்டேன். தப்பு என் மேலதான்." காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைத் தன் பதிலோடு சேர்த்துக் கொடுத்திருந்தது. சௌமிக்கிடம், அடிபட்டவர் பக்கத்திலிருந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் கொடுத்துவிட்டான்.

"இது என்ன மாஷிமா?" என்றார் மித்ரா.

"மரியாதைக்குச் சொன்னேன். எங்க வழக்கம் அது."

"வழக்கமா? எந்தச் சட்டத்துல இருக்கு?" கத்தவில்லை, களைத்துப்போய்க் கேட்டார். அடிபட்டவர் மேலும் பங்குத் தப்பு இருக்கிறது என்று நீதிபதி எழுதினால், அந்தப் பங்குக்கு நஷ்டஈட்டைக் குறைத்துவிடுவார்களாம். முழுத் தப்பும் என்னுடையது என்று எழுதினால் ஒன்றுமே கிடைக்காதாம். "உங்க வாயாலயே முழுசையும் ஒத்துக்கிட்டிருக்கீங்க."

இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மித்ரா ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். விரலை வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "தசமி. ரெண்டு மணி. ட்ரமடால். நர்ஸ் கையெழுத்து இருக்கு! வீடியோ நாலேகால். மாஷிமா, நீங்க மருந்து மயக்கத்துல இருந்திருக்கீங்க. சுயநினைவே இல்ல. முடிஞ்சுது கதை!"

"அந்த ஊசி அப்போ போடலை" என்றேன். "அஞ்சு மணிக்குத்தான் போட்டா. டிக்கைப் பின்னால போட்டா."

மித்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இது காதுல விழலை. விழுந்திருந்தா, அந்தப் பொண்ணையும் கூண்டுல ஏத்தணும். பொய்யா சார்ட் எழுதினான்னு அவ வேலை போகும். உங்க காலும் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் சண்டை.

"ஒனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா? அவன் சிக்னல்ல நிக்காம வந்தான். அது நெசம். அந்த நெசத்தை எழுத வைக்கதுக்கு ஒரு சின்னப் பொய். சொன்னா என்ன கொறஞ்சிரும்?" என்றார்.

"சத்தியம் பண்ணிட்டுச் சொல்லணும்ங்க."

"அப்போ தப்பு என் மேலதான்னு சொன்னியே, அது மட்டும் சத்தியமோ?"

மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். "நீ நடக்கணும் கோமதி. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." அந்த அழுகையைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. மறுநாள் மித்ரா எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். மனுதாரர் அந்நேரம் கடும் மருந்தின் பிடியில் இருந்ததால் தாம் பேசியதை அறியார் என்று அதில் எழுதியிருந்தது.

விசாரணை நாள் வந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை, மறுபடி நாற்காலியோடு தூக்கினார்கள். சௌமிக் பின் பெஞ்சில் இருந்தான். மெலிந்திருந்தான். கம்பெனி வக்கீல் வீடியோவைப் போட்டார். என் கை அவன் தலைமேல் இருக்கிறது, நான் பேசுகிறேன். ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை.

"இது உங்க குரல்தானே?"

"ஆமா."

"தப்பு உங்க மேலன்னு சொல்றீங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல. ஊசி போட்டிருந்தாங்க."

"இந்தப் பையனை நீங்க மன்னிச்சதும் ஞாபகம் இல்லையா?"

அந்தக் கேள்வி வரும் என்று மித்ரா சொல்லித் தரவில்லை. நான் மித்ராவைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன். இவர் ஃப்ளாஸ்க்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றேன். "எதுவும் ஞாபகம் இல்ல."

சார்ட்டை நீதிபதியிடம் கொடுத்தார்கள். அவர் பார்த்தார், குறித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் நாற்காலியைத் தூக்க ஆள் வரும்வரை காத்திருந்தோம். சௌமிக் வந்தான். மித்ரா பக்கத்திலேயே நின்றார். அவன் குனிந்து என் காலைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்கலை மாஷிமா. வீடியோவைக் கொடுத்தது நான்தான், என் மேலதான் தப்பு. ஆனா ஒரு வருஷமா அந்த வீடியோவைத்தான் பாத்துட்டு இருந்தேன். வண்டியில கை வைக்க முடியாதபோதெல்லாம் பாப்பேன். மாஷிமா மன்னிச்சுட்டாங்கன்னு நெனச்சுக்குவேன்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "இப்பதான் புரியுது. சுயநினைவோட இருந்தா யாரு மன்னிப்பாங்க?"

உண்மை வாய்வரை வந்தது. மித்ராவின் கை என் நாற்காலியின் முதுகில் இருந்தது. இன்னும் தீர்ப்பு வரவில்லை. அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

வழக்கு எங்கள் பக்கம் தீர்ப்பானது. என் மேல் எந்தப் பங்குத் தப்பும் இல்லை என்று எழுதினார்கள். இரண்டாவது ஆபரேஷன் நடந்து எலும்பு ஒட்டிவிட்டது. கம்புத் துணையோடு கடைவரை நடந்து போய் உட்காருகிறேன். இவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் மித்ராவின் சாமர்த்தியத்தைச் சொல்கிறார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சௌமிக்குக்குப் போன் பண்ணலாம் என்று பல தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அவனிடம் உண்மையைச் சொன்னால் ரூபாவின் வேலையும் என் சத்தியமும் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் அவன் என்ன ஆவான்? அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். தசமியன்று நாலு மணிக்கு என் உடம்பில் ஒரு சொட்டு மருந்து இல்லை. வலியில் உயிர் போனது. நல்ல நினைவோடுதான் அவன் தலையில் கை வைத்தேன், அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். இதைத் தைரியமாக எழுத முடிவதற்குக் காரணம், அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.